அடைப்புக்குறி போடாமல்

ஓல்டனில் நவம்பர் என்றால் மூடுபனிதான்.
ஆரே ஆறு அடியில் ஓடுகிறதென்று நம்பித்தான்
பாலத்தைக் கடக்க வேண்டும்.

மூன்றாம் மாடியில் என் மேசை.
பக்கத்தில் உர்ஸ், அவன் ஆப்பிள் கடிக்கும் சத்தம்.
ஆஸ்பத்திரிகளின் அழுக்குத் துணியைப் பிரிக்கும்
ஒரு பெல்ட்டுக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம்.
போர்வையை எண்ண ஒன்று,
நோயாளிச் சட்டையை எண்ண ஒன்று,
சத்திரசிகிச்சைப் பச்சைத் துணிக்கு இன்னொன்று.
மூன்றுக்கும் ஒரே முகம்.
நடுவில் ஒரு வரி மட்டும்
வேறு மாதிரி மூச்சு விடும்.

அந்த வரியைப் பிடுங்கி வெளியே வைத்தேன்.
இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.
எது வந்து விழும் என்று கேட்காமல்
இரண்டு கூர்க்குறிகளுக்கு நடுவே
'டி' என்று ஓர் எழுத்தை நிறுத்தினேன்.
போர்வையானாலும் டி,
சட்டையானாலும் டி,
வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு உடம்பு.

பிறகு செய்முறையையே தூக்கிக் கொடுத்தேன்.
இங்கேதான் கை தவறும்:
பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால்
அது அப்போதே ஓடி முடிந்துவிடும்,
போய்ச் சேர்வது ஆறிப்போன விடை மட்டும்.
போடாவிட்டால்
வினை ஒரு பெயராக நிற்கும்,
யாரோ எங்கோ கூப்பிடும்வரை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
வினைத்தொகை படித்திருக்கிறேன்.
ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா?
மூன்று காலத்தையும் விழுங்கிவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் சொல்.
அன்று எனக்கு மதிப்பெண் நாலரை.
இன்று நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
சட்டென்று விளங்கியது.
உர்ஸுக்கு எழுதிக் காட்டினேன்: ஊறுகாய்.
எப்போது கொண்டு வருவாய் என்றான்.

வெள்ளி இரவு மூன்று பத்துக்குத் தொலைபேசி.
சலவைக் கூடத்தின் இரவு வேலை, ஏழாம் பெல்ட்.
முதலில் இருவரும் ஜெர்மனில் தடுக்கி விழுந்தோம்.
என் பெயரைக் கேட்டதும் அந்தக் குரல் மாறிற்று.
"நான் குணமலர். பெல்ட் நிண்டுட்டுது பிள்ளை,
சிவப்பு லைட் எரியுது."
குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சின்ன விரிப்பு,
நாங்கள் யாரும் கண்டிராத அளவு.
அதற்கென்று நான் எதையும் கொடுத்து வைக்கவில்லை.
பள்ளம் வெறுமையாய்க் கிடந்தது;
வெறுமையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு
இயந்திரம் விழுந்திருக்கிறது.

"இங்கயிருந்து திருத்திறன் அக்கா."
"எவ்வளவு நேரம்?"
"ரெண்டு மணித்தியாலம்."
"அஞ்சு மணிக்கு லொறி வந்திடும்.
நீ செய்து முடிச்சுத் தர வேண்டாம்.
எப்பிடி எண்டதை மட்டும் தா."

தந்தேன்.
மஞ்சள் விசை. கைமுறைக்கு மாற்றுங்கள்.
நீலக் கூடை. பத்துக்கு ஒரு கோடு.
போர்வைக்குள் கால் நடுங்க உட்கார்ந்து
நான் வினைகளை மட்டும் சொன்னேன்,
ஒன்றையும் செய்யவில்லை.
ஆற்றுக்கு அப்பால் இரண்டு கைகள்
ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

நடுவில் ஏதோ தொப்பென்று விழுந்தது.
"என்ன அக்கா?"
"ஈரமா வந்ததை வேற எறியிறன்.
சேர்த்துப் போட்டால் எடை பிழைக்கும்."
அதை நான் சொல்லவில்லை.
சொல்லத் தெரிந்திருக்கவும் மாட்டாது;
என் மேசைக்கு ஈரத் துணி வருவதில்லை.

திங்கட்கிழமை அந்தச் செய்முறையை எழுதினேன்,
ஈரத்துக்கு ஒரு கிளையோடு.
பெயர் வைத்தேன்: குணமலர்.
அடைப்புக்குறி இல்லாமல் பெல்ட்டிடம் கொடுத்தேன்.

உர்ஸ் சரிபார்த்துக் குறிப்பு எழுதியிருந்தான்:
பெயர் விளங்கவில்லை, மாற்றவும்.

மற்ற எல்லாக் குறிப்புக்கும் பதில் போட்டேன்.
வெளியே பனி கொஞ்சம் விலகி
ஆறு இருந்தது.